கண்டு தெளிதல்

அறிவு மூன்று வழிகளில் வளரும். பிறர் கூறக் கேட்டு அறிவது ஒன்று. நூலிற் படித்து அறிவது மற்றொன்று. தானே கண்டும் செய்தும் அறிவது மூன்றாவது. இம்மூன்றும் வேண்டுவனவே. ஆயினும் அறிவியற் கல்விக்கு மூன்றாவது வழியே உயிர்போன்றது. மழை எவ்வாறு பெய்கிறது, விதை எவ்வாறு முளைக்கிறது, விளக்கு ஏன் அணைகிறது என்னும் வினாக்கள் இளஞ்சிறார் உள்ளத்தில் இயல்பாகவே எழுகின்றன. எறும்பு வரிசையைக் கண்டால் குனிந்து பார்ப்பதும், தும்பியைக் கண்டால் பின்தொடர்ந்து ஓடுவதும் அவர்தம் இயல்பு. தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வியல்பைத் தூண்டி வளர்த்தல் வேண்டும். ஒருபோதும் அதனை அவித்துவிடலாகாது.

இக்காலத்தில் அறிவியற் பாடங்கள் இணையத்தின் வழியாகவும் குழந்தைகளை வந்தடைகின்றன. கைப்பேசித் திரையிலும் கணினித் திரையிலும் ஆசிரியர் தோன்றிப் பேசுகிறார், படங்கள் அசைகின்றன, சோதனைகள் நம் கண்முன் நிகழ்கின்றன. இப்புதிய முறையால் விளையும் நன்மை யாது? இதனை எவ்வாறு பயன்கொள்ள வேண்டும்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

தொலைவிலுள்ளார்க்கும் அறிவியலை எட்டச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. இலண்டன் மாநகரில் இராயல் நிறுவனம் என்னும் அறிவியற் கழகம் ஒன்று உண்டு. அங்கே 1825ஆம் ஆண்டு தொடங்கி, உலகப் போர்க்காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, கிறிஸ்துமஸ் பருவந்தோறும் இளையோர்க்கு அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்ந்து வருகின்றன. அம்மன்றத்தில் பன்முறை பேசிப் புகழ்பெற்றவர் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர். அவர் கொல்லர் ஒருவரின் மைந்தர். பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாதவர். இளமையில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றவர். கட்டுவதற்கு வந்த நூல்களையே எடுத்துப் படித்து அறிவு பெற்றார். 1860ஆம் ஆண்டு இறுதியிலும் 1861ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் சிறுவர்கள் முன்னிலையில் ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றின் பொருள் என்ன? விண்மீன் அன்று, கடலின் ஆழமும் அன்று, ஒவ்வொரு வீட்டிலும் எரியும் மெழுகுவர்த்தியே ஆகும். அந்த மன்றத்தில் இடம் பெற்றோர் மட்டுமே அன்று அவற்றைக் கேட்க இயன்றது. பிற்காலத்தில், 1966ஆம் ஆண்டு முதல், இச்சொற்பொழிவுகள் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. மன்றத்தின் சுவர்கள் விலகின; வீட்டிலிருந்தோரும் கண்டு மகிழ்ந்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. செயற்கைக்கோளின் துணையால் சிற்றூர் மக்களுக்குக் கல்வி புகட்டலாம் என்று கனவு கண்டவர் விக்ரம் சாராபாய். அவர் 1971ஆம் ஆண்டு மறைந்தார். எனினும் அவர் கனவு மறையவில்லை. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976ஆம் ஆண்டு ஜூலை முடிய, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வாயிலாக, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. காலையில் பள்ளிச் சிறுவர்க்கும் மாலையில் ஊர்மக்களுக்குமாக அவை அமைந்தன. பின்னர், 2004ஆம் ஆண்டு கல்விக்கென்றே அமைந்த செயற்கைக்கோள் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பெற்றது. அதன்பின் இணையம் எங்கும் பரவிற்று. 2018ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில், கருப்பு வெள்ளைக் கட்டங்களாலான விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. கைப்பேசியை அக்குறியீட்டின்மேற் காட்டினால் பாடத்திற்குரிய காணொளி திரையில் விரியும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பெற்றது.

இவ்வாறு அமைந்த வழிகளின் அருமை 2020ஆம் ஆண்டில் நன்கு விளங்கிற்று. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா என்னும் கொடுநோய் பரவியமையால் பள்ளிகள் மூடப்பெற்றன. தமிழ்நாட்டில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள குழந்தைகள் மீண்டும் பள்ளி வாயிலில் அடியெடுத்து வைத்தது 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான். ஏறக்குறைய இருபது திங்கள் அவர்கள் கரும்பலகையைக் காணவில்லை. அக்காலத்தில் திரையே பள்ளியாயிற்று.

திரைவழிப் பாடத்தின் நன்மைகள் பல. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களை அது பெருக்கிக் காட்டும். பத்து நாள் முளைக்கும் விதையின் வளர்ச்சியைப் பத்து நொடியில் சுருக்கிக் காட்டும். இமைப்பொழுதில் நிகழும் தும்பியின் சிறகடிப்பை நெடும்பொழுதாக விரித்துக் காட்டும். எரிமலையின் வாயையும் ஆழ்கடலின் அடியையும் நாம் அணுக இயலாது. திரை நம்மை அங்கே கொண்டு செல்லும். ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூர்ப் பள்ளிக்கும் பெருநகர ஆய்வுக்கூடத்தை அது கொணர்ந்து தரும். விளங்காத பகுதியை நிறுத்தி, மீண்டும் மீண்டும் பார்க்கலாம். எத்தனை முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை. இது மெல்லக் கற்கும் மாணவர்க்குப் பெரியதோர் ஆறுதல்.

இனி, இதன் குறைகளையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்தார். தொடுதலால் அறிவது ஓரறிவு; அதனோடு சுவை சேர இரண்டறிவு; நாற்றம் சேர மூன்றறிவு; காட்சி சேர நான்கறிவு; கேள்வி சேர ஐந்தறிவு; மனமும் சேர ஆறறிவு. எறும்பு மூன்றறிவு உடையது என்பது அவர் கூற்று. திரை நமக்குத் தருவன காட்சியும் கேள்வியுமே. தொடுதல், சுவைத்தல், முகர்தல் என்னும் மூன்றையும் அது தருவதில்லை. எறும்புக்கு உரியனவாகத் தொல்காப்பியர் கூறிய அம்மூன்று வாயில்களும் திரையின்முன் அமர்ந்த குழந்தைக்கு அடைபட்டே கிடக்கின்றன. ஊறிய விதையின் வழவழப்பும், மழை பெய்த மண்ணின் மணமும், புளியின் புளிப்பும் திரையில் உளவோ?

இதனை யான் என் பட்டறிவாலேயே கூறுகின்றேன். தமிழாசிரியனாகிய யான் முப்பது ஆண்டுகள் குறிஞ்சித் திணையை வகுப்பில் விளக்கினேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி மலர் பூக்கும் என்பதைப் பல நூறு மாணவர்க்கு எடுத்துரைத்தேன். ஆயினும் அம்மலரை யான் கண்டதில்லை! 2018ஆம் ஆண்டு கொடைக்கானல் மலைச்சரிவில் அது பூத்தபோது சென்று முதன்முறையாகக் கண்டேன். கைவிரலால் மெல்லத் தொட்டேன். இத்தனை ஆண்டுகளாகச் சொல்லை மட்டுமே கற்பித்தோம், பொருளைக் கற்பிக்கவில்லை என்னும் நாணம் அன்று என்னைப் பற்றிக்கொண்டது.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2021ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடிக்கிடந்த காலம். ஐந்தாம் வகுப்பிற் பயின்ற என் பேர்த்தி எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கைப்பேசியில் அறிவியற் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் ஊற்றிய தட்டின் நடுவே எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தார்கள். சுடர் அணைந்தது, தட்டிலிருந்த நீர் குவளைக்குள் ஏறிற்று. “குவளைக்குள் இருந்த ஆக்ஸிஜனைச் சுடர் உண்டுவிட்டது, அந்த இடத்தை நிரப்பவே நீர் ஏறியது” என்று காணொளியில் விளக்கம் கூறினார்கள். பேர்த்தி அதனை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டாள்.

“அம்மா, இதனை நாமும் செய்து பார்ப்போமா?” என்று கேட்டேன். “அதுதான் பார்த்துவிட்டேனே, தாத்தா!” என்றாள் அவள். எனினும் என் விருப்பத்திற்கு இணங்கினாள். தட்டு, மெழுகுவர்த்தி, கண்ணாடிக் குவளை மூன்றும் அடுக்களையிலிருந்து வந்தன. நீர் தெளிவாகத் தெரியும்பொருட்டு ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்தோம்.

எதிர்வீட்டில் இரு சிறுவர்கள் இருந்தனர். அவர்தம் தந்தையார் நாட்கூலிக்குச் செல்பவர். அவ்வீட்டிற்கு இருந்தது ஒரே கைப்பேசி. அது காலையில் அவரோடு சென்று, இரவில் அவரோடு திரும்பும். ஆதலின் அச்சிறுவர்க்குத் திரைவழிப் பாடம் எட்டாக்கனியாகவே இருந்தது. நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதைக் கண்டு, இருவரும் முகக்கவசத்தோடு வந்து திண்ணையின் ஓரத்தில் நின்றனர்.

குவளையைக் கவிழ்த்தேன். சுடர் சிறுத்தது, அணைந்தது. நீர் சட்டென்று உள்ளே ஏறிற்று. “பார்த்தீர்களா, தாத்தா? சுடர் எரிய எரிய ஆக்ஸிஜன் குறைந்தது, நீர் ஏறிற்று” என்றாள் பேர்த்தி. அப்போது எதிர்வீட்டு இளைய சிறுவன், “இல்லை அக்கா! எரியும்போது நீர் ஏறவே இல்லை. அணைந்த பிறகுதான் ஏறிற்று. முதலில் குவளையின் அடியிலிருந்து குமிழிகள்கூட வெளியே வந்தன” என்றான்.

பேர்த்தியின் முகம் வாடிற்று. “காணொளியில் அப்படித்தானே சொன்னார்கள், தாத்தா? நாம்தாம் எங்கோ தவறு செய்துவிட்டோம்” என்றாள். அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. தன் கண்ணெதிரே நிகழ்ந்ததை ஐயுற்று, திரை கூறியதை நம்ப அவள் துணிந்துவிட்டாள் அல்லளோ? யானும் நூல் கூறியதை மட்டும் நம்பி முப்பது ஆண்டுகள் கழித்தவன்தானே!

மீண்டும் செய்தோம். இம்முறை மூவரும் குனிந்து, கண்ணிமைக்காமல் நோக்கினர். குவளையைக் கவிழ்த்தவுடன் அதன் விளிம்பின்கீழ் இரண்டு மூன்று குமிழிகள் வெளியேறின. சுடர் எரிந்துகொண்டிருந்தவரை நீர் பெரிதும் ஏறவில்லை. சுடர் அணைந்து, குவளை ஆறத் தொடங்கியபோதுதான் விரைந்து ஏறிற்று. குவளையின் உட்புறத்தில் பனி படிந்தாற்போல் நீர்த்துளிகள் படிந்தன. பின்னர் மூன்று மெழுகுவர்த்திகளை ஒருங்கே ஏற்றி அதே குவளையைக் கவிழ்த்தோம். நீர் முன்னினும் உயர்ந்தது. குவளை ஒன்றே, உள்ளிருந்த ஆக்ஸிஜனின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. அவ்வாறாயின் நீர் மிகுதியாக ஏறியது ஏன்?

இதன் உண்மை யாது? சுடரைச் சூழ்ந்த காற்று சூடேறி விரிவடைகிறது. விரிந்த காற்றின் ஒரு பகுதி குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்தபின் உள்ளே எஞ்சிய காற்றுக் குளிர்ந்து சுருங்குகிறது. எரிதலால் உண்டான நீராவியும் குளிர்ந்து துளிகளாகிறது. அதனால் குவளைக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்று நீரை அழுத்தி உள்ளே ஏற்றுகிறது. சுடர்கள் மூன்றாயின் வெப்பம் மிகும். வெளியேறும் காற்றும் மிகும். ஆதலின் ஏறும் நீரும் மிகும். சுடர் எரிவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்பது மெய். ஆனால் உள்ளிருந்த ஆக்ஸிஜன் முழுவதும் தீருமுன்னரே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்ஸிஜனும் வெற்றிடமாகப் போய்விடவில்லை. கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. ஆகவே, சுடர் உண்ட இடத்தை நிரப்பவே நீர் ஏறிற்று என்னும் விளக்கம் பொருந்தாது. இப்பிழையான விளக்கம் நெடுங்காலமாகப் பலராலும் கூறப்பட்டு வருவதாகும்.

பேர்த்தி அக்காணொளியை மீண்டும் ஓட்டிப் பார்த்தாள். என்ன வியப்பு! அதிலும் சுடர் அணைந்த பின்னரே நீர் ஏறிற்று. திரை உண்மையை மறைக்கவில்லை, உள்ளபடியே காட்டிற்று. ஆனால், உடன் ஒலித்த குரலைக் கேட்டவள் காட்சியைக் காணாது விட்டாள். கண் கண்டதைச் செவி மறைத்துவிட்டது. அக்குரலைக் கேளாத எதிர்வீட்டுச் சிறுவனோ உள்ளதை உள்ளவாறு கண்டான். அவனுக்கு இல்லாதிருந்தது கைப்பேசி. நல்ல கண்ணும் அறியும் வேட்கையும் அவனிடம் நிறைந்திருந்தன.

மறுநாள் பேர்த்தி தன் ஐயத்தை வகுப்பாசிரியர்க்கு எழுதி அனுப்பினாள். அவ்வாசிரியர் சினம் கொள்ளவில்லை. “நீ கண்டது சரியே. பெரியோர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அனைவரும் இதனைச் செய்து, கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள்” என்று வகுப்பினர் எல்லார்க்கும் பணித்தார். நல்லாசிரியர்க்கு இஃது அடையாளம். பேர்த்தி தன் ஏட்டில் முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எதிர்வீட்டுச் சிறுவர் இருவரும் அன்று முதல் நாள்தோறும் எங்கள் திண்ணைக்கு வந்தனர். அவ்வாண்டின் இறுதியில், தன்னார்வலர்கள் மாலைப்பொழுதில் குழந்தைகளின் இருப்பிடம் நாடிச் சென்று கற்பிக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை அரசு தொடங்கியபோது, திரை எட்டாத வீடுகளும் கல்வியின் கணக்கில் சேர்ந்தன என்று உள்ளம் உவந்தேன்.

இந்நிகழ்ச்சியால் நாம் அறிவது என்ன? திரைவழிப் பாடம் தீது என்பதன்று. அக்காணொளி இல்லையேல் அச்சோதனையையே நாங்கள் செய்திருக்கமாட்டோம். மீண்டும் ஓட்டிப் பார்த்து உண்மையைத் தெளிந்திருக்கவும் இயலாது. திரை ஒரு கைகாட்டி மரம் போன்றது. கைகாட்டி ஊருக்குச் செல்லும் வழியைக் காட்டும். ஆயின் கைகாட்டியே ஊர் ஆகாது. அதன் அடியிலேயே அமர்ந்துவிட்டவன் ஊரை அடைவதில்லை.

ஆதலின், தொடக்கப் பள்ளிக் குழந்தைகட்குத் திரைவழிப் பாடம் அமைப்போர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம். பாடம் சுருக்கமாக இருத்தல் வேண்டும். விடையைக் கூறுமுன் வினாவை எழுப்பி, குழந்தை எண்ணிப் பார்க்கச் சிறிது இடம் விடுதல் வேண்டும். பயறு, தட்டு, நீர், கல், இலை என வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சோதனைகள் அமைதல் வேண்டும். அப்போதுதான் வறியோர் வீட்டுக் குழந்தைக்கும் அறிவியல் உரிமையாகும். பாடத்தின் முடிவில் குழந்தை திரையை விட்டு எழுந்து ஒன்றைச் செய்து பார்க்குமாறு ஏவுதல் வேண்டும். அது கண்டதைக் கேட்டறிய ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும். திரை பேசும், ஆனால் செவிசாய்த்துக் கேட்பவர் ஆசிரியரே அன்றோ?

பாரடே இளமையில் புத்தகக் கடையில் இருந்தபோது வேதியியல் நூல் ஒன்றைப் படித்தார். அதில் கூறியவற்றை அப்படியே நம்பிவிடவில்லை. தம் கையிலிருந்த சிறு பொருளைக் கொண்டு எளிய சோதனைகள் செய்து, நூல் கூறியது மெய்யே என்று தெளிந்த பின்னரே அதனைப் போற்றினார். அன்று அவர் கையில் இருந்தது நூல். இன்று நம் கையில் இருப்பது திரை. கருவி மாறியது, கற்கும் நெறி மாறவில்லை.

மாணவச் செல்வங்களே! திரையில் வரும் பாடங்களை விரும்பிக் காணுங்கள். கண்டபின் எழுந்து, பெரியோர் துணையோடு செய்து பாருங்கள். நீங்கள் கண்டதும் அவர்கள் கூறியதும் வேறுபடுமாயின் அஞ்சாதீர்கள், நாணாதீர்கள், மீண்டும் செய்யுங்கள், ஆசிரியரை வினவுங்கள். கைப்பேசி இல்லாத தோழனையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காணத் தவறியதை அவன் கண்டு கூறவும் கூடும். கேட்டதைக் கண்டு, கண்டதைத் தெளிந்து, தெளிந்ததைப் பிறர்க்கும் பகிர்ந்து வாழ்வதே அறிவியல் கற்றதன் பயனாகும்.

வினாக்கள்

1. அறிவு வளரும் மூன்று வழிகள் யாவை? அவற்றுள் அறிவியலுக்கு உயிர்போன்றது எது?
2. திரைவழிப் பாடத்தின் நன்மைகளை எழுதுக.
3. ஐம்புலன்களுள் திரை தராதவை யாவை? தொல்காப்பியரின் பகுப்பைக் கொண்டு விளக்குக.
4. குவளைக்குள் நீர் ஏறியதற்கு உண்மைக் காரணம் யாது?
5. “கண் கண்டதைச் செவி மறைத்துவிட்டது” – இத்தொடரை இடஞ்சுட்டி விளக்குக.
6. நீ செய்து பார்த்த சோதனை ஒன்றைக் கண்டது கண்டவாறே ஒரு பக்க அளவில் எழுதுக.